பெருநாள் குதிரை வண்டி: ‘பாவம்’ என்று சொன்னால் போதாது, பட்டியை மாற்ற வேண்டும்



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் எழுதியாக வேண்டும் என்பதால் எழுதுகிறோம். கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதீர்கள்.

நோன்புப் பெருநாள் மூன்று நாளும் நமது கடற்கரையில் மட்டக்குதிரை வண்டிகள் ஓடின. பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சளவு உயரம்தான் அந்தக் குதிரைகளுக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஐந்தாறு பிள்ளைகள், முன்னால் ஓட்டுபவர், கீழே மணல். அஸருக்குப் பிறகு தொடங்கி இரவு பத்து மணி தாண்டியும் ஓடியது. அதை ஒருவர் வீடியோ எடுத்துப் போட, ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் “ஐயோ பாவம், இதைத் தடை செய்யுங்கள்” என்றது. மறுபக்கம் “ஏழையின் வயிற்றில் அடிக்காதீர்கள், வருசத்துக்கு இரண்டு பெருநாள்தானே” என்றது. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் கொமெண்ட் போட்டார்கள். குதிரையின் உடம்பில் என்ன பூட்டியிருக்கிறது என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் ஆசிரியர்கள் சிலர் மூன்றாம் நாள் பின்னேரம் போய்ப் பார்த்தோம், குதிரைக்காரர்களோடும் கதைத்தோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி இழுப்பதால் அந்தக் குதிரைக்குப் புண் வரவில்லை. அதன் அளவுக்குச் செய்யாத கயிற்றையும் சாக்கையும் பெரிய குதிரையின் கடிவாளத்தையும் கட்டி இழுக்க வைத்ததால்தான் புண் வந்தது. இதைத் திருத்த ஆகும் செலவு, பெருநாளுக்கு ஒரு குடும்பம் எடுக்கும் உடுப்புச் செலவைவிடப் பெரிதாக வராது. செய்ய முடிந்ததைச் செய்யாமல் “பாவம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது இரக்கம் ஆகாது.

என்ன பார்த்தோம்?

நெஞ்சுக்குக் குறுக்கே நைலோன் கயிறு. அது வெட்டாமல் இருக்கச் சாக்குத் துண்டு சுற்றியிருந்தார்கள். அந்தச் சாக்கு வியர்வையிலும் கடல் ஈரத்திலும் ஊறிப் பின் காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. விலக்கிப் பார்த்தால் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. ஒன்றில் தோலே இல்லை. முதுகில் ஒரு மடித்த துணி, அதற்கு மேல் கயிறு, நேராக முள்ளந்தண்டின் மீது. வாயில் பெரிய குதிரைக்கு உரிய இரும்பு. அது வாய்க்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, கயிறு இழுபடும்போதெல்லாம் அங்குமிங்கும் ஓடியது. வாயோரம் கிழிந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு குதிரையின் முதுகுத் திமிலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் அதை வடிவு என்று தடவினார்கள். பிறவியில் வந்த நிறம் இல்லை அது. ஓரிடத்தில் நீண்ட நாள் அழுத்தம் விழுந்தால் மயிருக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் சாகின்றன. புண் ஆறிய பிறகு அங்கே வெள்ளை மயிர்தான் முளைக்கும். அந்தப் புள்ளிகள் பழைய காயங்களின் கணக்கு. நமது ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தக் குதிரை எத்தனை பெருநாளைக் கண்டிருக்கிறது என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறது.

“அது முரட்டுக் குதிரை, பூட்டும்போது கடிக்கும்” என்றார் ஒரு தம்பி. புண்ணில் கயிற்றை இறுக்கினால் யார்தான் கடிக்காமல் இருப்பார்? காதைப் பின்னால் மடிப்பது, வாலை விசிறுவது, பூட்டும்போது திரும்பிக் கடிக்க வருவது, இழுக்கச் சொன்னால் நின்றுவிடுவது, இவற்றை நாம் முரட்டுத்தனம் என்கிறோம். வாயில்லாப் பிராணி “இங்கே நோகுது” என்று சொல்வதற்கு அதனிடம் வேறு வழி இல்லை.

இனி, சரியான பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் தையல் தெரிந்தவர்களும் தச்சு தெரிந்தவர்களும் ஓட்டோவுக்குக் குஷன் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே விவரமாக எழுதுகிறோம்.

முதலாவது நெஞ்சுப் பட்டி. மட்டக்குதிரை வண்டியை இழுப்பது நெஞ்சால். ஆகவே பாரம் முழுவதும் வருவது இந்தப் பட்டியில். கயிறு மெல்லியது, அத்தனை பாரமும் ஒரு விரல் அகலத்தில் விழும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத தட்டையான பட்டியாக இருந்தால் அதே பாரம் பரவி விழும். ஓரங்கள் மடித்துத் தைத்திருக்க வேண்டும், உள்பக்கம் மெத்து வேண்டும். அது இருக்கும் உயரமும் முக்கியம். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் முன்னுக்குத் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு இருக்கிறது, தோள் முனை. பட்டி அதற்கு மேலே இருக்க வேண்டும், தொண்டைக் குழிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் மூச்சுக்குழலை அமர்த்தும். கீழே இறங்கினால் காலை எட்டி வைக்க விடாது. உயரம் மாறாமல் இருக்கக் கழுத்துக்கு மேலால் ஒரு வார் போட்டுத் தாங்க வேண்டும். நாம் பார்த்த வண்டிகள் ஒன்றிலும் அந்த வார் இல்லை. பட்டி ஒரு சுற்றில் மேலே, மறு சுற்றில் கீழே.

இரண்டாவது, வண்டிப் பக்கத்தில் ஆடும் கட்டை. நெஞ்சுப் பட்டியிலிருந்து இரண்டு பக்கமும் பின்னுக்கு வரும் வார்களை நமது வண்டிகளில் நேரே சட்டத்தில் கட்டிவிடுகிறார்கள். குதிரை நடக்கும்போது இடது தோள் ஒருமுறை, வலது தோள் ஒருமுறை முன்னுக்குப் போகும். வார்கள் அசையாத சட்டத்தில் கட்டியிருந்தால், ஒவ்வோர் எட்டுக்கும் பட்டி நெஞ்சில் வாள் மாதிரி இடம் வலமாக அறுக்கும். ஒரு சுற்றில் எத்தனை எட்டு, மூன்று நாளில் எத்தனை சுற்று என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இதற்கு மருந்து ஒரு கட்டையும் ஒரு ஆணியும். இரண்டு வார்களையும் ஒரு கட்டையின் இரண்டு முனையிலும் கட்டி, கட்டையின் நடுவில் ஒரு போல்ட் போட்டு வண்டியோடு பொருத்தினால், தோளோடு சேர்ந்து கட்டை ஆடும், பட்டி அசையாமல் இருக்கும். நமது ஊர்த் தச்சு வேலைக்காரருக்கு ஒரு மணித்தியால வேலை. அந்த ஒரு மணித்தியால வேலை செய்யப்படாததால்தான் அந்தக் குதிரையின் நெஞ்சில் தோல் இல்லை.

மூன்றாவது முதுகுத் திண்டு. இரண்டு சில்லு வண்டியில் இரண்டு ஏர்க்கால்களின் பாரமும் குதிரையின் முதுகில் தொங்குகிறது. அந்தப் பாரம் முள்ளந்தண்டில் விழவே கூடாது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெத்தை, நடுவில் எலும்புக்கு மேலே விரல் போய்வர இடைவெளி. இப்படித்தான் திண்டு அமைய வேண்டும். வண்டியும் சமநிலையில் நிற்க வேண்டும். ஆட்கள் ஏறிய பிறகு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தால் இலேசாக எழும்ப வேண்டும். முன்னால் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு இருந்தால் முழுப் பாரமும் முதுகில் குந்தும். பின்னால் போனால் ஏர்க்கால் மேலெழும்பி வயிற்று வாரை இழுத்து அமர்த்தும். ஆசனத்தைச் சில அங்குலம் முன்பின் நகர்த்தினாலே இது சரியாகும்.

நான்காவது பின்பட்டி. வண்டிக்குப் பிறேக் இல்லை. குதிரை நின்றால் வண்டி நிற்காது, உருண்டு வந்து அதன் பின்னங்காலில் மோதும். பின்தொடையைச் சுற்றி ஒரு பட்டி போட்டு, அதை ஏர்க்காலோடு இணைத்தால் குதிரை தன் பின்புறத்தால் வண்டியைத் தடுத்து நிறுத்தும். அது தொடையின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தாழ்ந்து போனால் காலை வாரிவிடும். குதிரை இழுத்துக்கொண்டு போகும்போது பட்டிக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கை போகும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். கடற்கரையில் இரண்டு வண்டியில் பின்பட்டியே இல்லை. குதிரைக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். சில்லு மோதிய பயத்தில் குதிரை பாய்ந்தால் வண்டியில் இருப்பது நமது பிள்ளைகள்.

ஐந்தாவது வாய் இரும்பு. பெரிய குதிரைக்கு ஏறத்தாழ 5 அங்குலம். மட்டக்குதிரைக்கு அதன் பருமனைப் பார்த்து 3½ முதல் 4½ அங்குலம். ஒரு ஈர்க்கிலை வாய்க்குக் குறுக்கே மெதுவாக வைத்து, இரண்டு உதட்டோரத்தையும் அடையாளம் வைத்தால் அளவு கிடைத்துவிடும். இரும்பு அதைவிட இரண்டு பக்கமும் கால் அங்குலம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். அளவு கூடிய இரும்பு வாயில் ஓடும், நடுவில் மூட்டு உள்ளது என்றால் மேல்வாயில் குத்தும்.

கடைசியாக, எதால் செய்வது? தோல் நல்லது. ஆனால் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் காய்ந்து வெடிக்கும், அடிக்கடி கழுவி எண்ணெய் போட வேண்டும். நமது கடற்கரைக்குப் பழைய வாகனங்களின் ஆசனப் பட்டி நல்ல வழி. அகலம் ஏறத்தாழ இரண்டு அங்குலம், தட்டையானது, உறுதியானது, கழுவலாம். அதன் உள்பக்கம் மெத்து வைத்துப் பருத்தித் துணியால் மூடித் தைக்க வேண்டும். பெரிய குதிரையின் சேணத்தை வாங்கி முடிச்சுப் போட்டுச் சின்னதாக்குவது ஆகவே ஆகாது. பட்டி அகலம் கூடிவிடும், கொளுக்கி முழங்கைக்குப் பின்னால் மென்தோலில் வந்து உட்காரும். பெரியவரின் சப்பாத்துக்குள் துணி அடைத்துப் பிள்ளைக்குப் போட்டு ஓடச் சொல்வது மாதிரி. மட்டக்குதிரைகளையும் அதைவிடச் சின்னதான, 34 அங்குலத்தைத் தாண்டாத குட்டைக் குதிரைகளையும் வண்டியில் பூட்டும் நாடுகளில், அந்த அளவுக்கென்றே தனியாகச் சேணம் செய்கிறார்கள். வாங்க வருபவரிடம் முதலில் கேட்பது குதிரையின் அளவைத்தான்.

சேணம் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க டொக்டர் வரவேண்டியதில்லை. வேலை முடிந்து கழற்றியவுடன் வியர்வை அடையாளத்தைப் பாருங்கள். ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் கூட. மயிர் எதிர்ப்பக்கமாகக் கலைந்திருந்தால் அங்கே பட்டி உராய்கிறது. மறுநாள் அங்கே புண். மணல் இருக்கிறதே, அதை மறக்காதீர்கள். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே மணல் நின்றால் அது உரத்தாள்தான். ஒவ்வொரு நாளும் பூட்ட முன்னரும் கழற்றிய பின்னரும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல சேணமும் அளவு மீறிய பாரத்துக்கு மருந்தாகாது. இதோ பிள்ளைகளும் செய்யக்கூடிய ஒரு கணக்கு. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையைத் தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். குதிரையின் நிறை கிலோவில் ஏறத்தாழ வரும். சுற்றளவு 120, நீளம் 110 என்று வைப்போம். விடை 133 கிலோ.

இப்போது வண்டி 60 கிலோ, ஆறு பிள்ளைகள் ஆளுக்கு 25 கிலோ வீதம் 150, ஓட்டுபவர் 65 என்று வையுங்கள். மொத்தம் 275 கிலோ. குதிரையின் நிறையைப் போல் இரண்டு மடங்கு. நல்ல தார் வீதியில், சமதரையில், வண்டியோடு சேர்த்து ஒன்றரை மடங்கு வரை என்பதுதான் அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்லும் அளவு. மணலில் சில்லு புதையும், இழுவை பல மடங்கு கூடும். ஆகவே மணலில் அதன் சொந்த நிறைக்கு மேல் போகக் கூடாது என்கிறோம். அப்படியென்றால் இந்தக் குதிரைக்கு ஒரு தடவையில் மூன்று சின்னப் பிள்ளைகள். ஓட்டுபவர் இறங்கிப் பக்கத்தில் நடக்க வேண்டும். வண்டியைக் காய்ந்த மணலில் ஓட்டாமல், அலை வந்து இறுகிய ஈர மணலிலோ கடற்கரை வீதியிலோ ஓட்ட வேண்டும்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். “இதற்கும் மார்க்கத்துக்கும் என்ன?” என்று கேட்டவர்களுக்காக.

நமது சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஆதியாத்’ சூராவை மனப்பாடம் பண்ண வைக்கிறோம். அல்லாஹ் அதில் ஓடும் குதிரைகளைக் கொண்டு சத்தியம் செய்கிறான். ‘நஹ்ல்’ சூராவில் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் நமக்குத் தந்த அருளாக எண்ணிக் காட்டுகிறான். தந்தவன் கணக்குக் கேட்க மாட்டானா?

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாய்பேசாத இந்தப் பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளும்படி எச்சரித்தது அபூதாவூதில் இருக்கிறது. அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபியவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதும், உரிமையாளரைக் கூப்பிட்டு, நீர் இதைப் பட்டினி போட்டு வேலையால் களைக்கச் செய்கிறீர் என்று இது முறைப்படுகிறது என்று சொன்னதும் அதே கிரந்தத்தில் இருக்கிறது. பயானில் இதைக் கேட்டு நாம் அழுகிறோம். பிறகு கடற்கரைக்குப் போய் வரிசையில் நிற்கிறோம்.

பூட்டும் வாரைப் பற்றியே பேசும் ஹதீஸும் இருக்கிறது. ஒட்டகங்களின் கழுத்தில் கட்டியிருந்த வில் நாண்களை அறுத்துவிடும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். கண்ணேறுக்காகக் கட்டியதால் தடுத்தார்கள் என்பது இமாம் மாலிக்கின் விளக்கம். ஓடும்போது பிராணியின் கழுத்தை அது நெரித்துவிடும் என்பதால் தடுத்தார்கள் என்ற விளக்கம் இமாம் அபூஹனீபாவின் மாணவர் முஹம்மத் இப்னுல் ஹஸனிடமிருந்து வருகிறது. ஒரு கயிறு எங்கே இறுகுகிறது என்பதை நமது இமாம்கள் மார்க்க விடயமாகவே பார்த்திருக்கிறார்கள்.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்களைப் பற்றிய வரலாற்றில், பிராணிகளுக்குப் பாரமான கடிவாளம் போடக் கூடாது, இரும்பு முனை வைத்த கோலால் குத்தக் கூடாது என்று உத்தரவிட்டதாக இருக்கிறது. எகிப்தில் ஒட்டகத்தில் ஆயிரம் ராத்தல் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அறுநூறுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஆளுநருக்குக் கடிதம் எழுதியதாகவும் இருக்கிறது. கவனியுங்கள், “இரக்கமாக இருங்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் விடவில்லை. ராத்தல் கணக்குச் சொன்னார். ஒரு சாம்ராஜ்யத்தின் கலீபாவுக்கு ஒட்டகத்தின் பாரத்தைப் பார்க்க நேரம் இருந்தது. நமது நிர்வாகங்களுக்கு மூன்று குதிரையைப் பார்க்க நேரம் இல்லையா?

இனி எங்களிடம் வந்த ஆட்சேபனைகள்.

“மாடு அறுக்கிற நாம் குதிரைக்கு அழுவதா?” அறுப்பதற்கே எத்தனை ஒழுங்கு! கத்தியைத் தீட்ட வேண்டும், பிராணிக்கு முன்னால் தீட்டக் கூடாது, ஒன்றுக்கு முன்னால் மற்றதை அறுக்கக் கூடாது. சில நிமிடத்தில் முடிகிற விடயத்துக்கே இவ்வளவு பேணுதல் என்றால், மூன்று நாள் நமக்காக உழைக்கும் பிராணிக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

“இதை வெளியில் பேசினால் நம்மை எதிர்ப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும்.” இந்தப் பயம் எங்களுக்கும் விளங்குகிறது. 2013 இல் ஹலால் இலச்சினையை வைத்து என்ன நடந்தது என்று நாம் மறக்கவில்லை. 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தபோது இந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு யோசித்தது என்றும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் நாம் சொன்ன பதில் என்ன? எங்கள் மார்க்கம் பிராணிக்கு இரக்கம் காட்டச் சொல்கிறது என்றோம். அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் அது நமது கடற்கரையிலும் உண்மையாக இருக்க வேண்டும். மற்றவன் பார்ப்பான் என்பதற்காகத் திருத்தவும் வேண்டாம், மற்றவன் பார்ப்பான் என்பதற்காக மறைக்கவும் வேண்டாம். புண் நம்முடையது, நாமே ஆற்றுவோம்.

“சட்டம் இருக்கிறதுதானே, பொலிஸ் பார்க்கட்டும்.” இந்த நாட்டில் பிராணிக் கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. நூறு ரூபாய்த் தண்டத்தோடு நூறு வருடத்துக்கு மேல் ஓடிய சட்டம் அது. புதிய விலங்கு நலன் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு வரைந்தது 2006 இல். அதன் பிறகு வருடக்கணக்காக இழுபட்டது. கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் குதிரையின் ஆயுளே முடிந்துவிடும்.

“ஏழையின் பிழைப்பு.” ஆட்சேபனைகளில் இதைத்தான் நாங்கள் மதிக்கிறோம். அந்தக் குதிரைக்காரத் தம்பிகள் கொடுமைக்காரர்கள் இல்லை. தங்கள் சாப்பாட்டுக்கு முதல் குதிரைக்குத் தவிடு வாங்கியதை நாங்கள் பார்த்தோம். சேணம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. 2022 இற்குப் பிறகு சாமான் விலை இருக்கும் நிலையில் வெளிநாட்டுச் சேணம் வாங்கவும் அவர்களால் முடியாது. அதனால்தான் தடை வேண்டாம் என்கிறோம். தடை செய்தால் அதே குதிரை அதே கயிற்றோடு அடுத்த ஊருக்குப் போகும், நமக்குக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நெஞ்சுத் தோல் போன குதிரையை ஆறும்வரை பூட்ட முடியாது. அதற்கு வாரக்கணக்கு ஆகும். அப்படியானால் நல்ல பட்டி குதிரைக்காரரின் பிழைப்பைக் காக்கும் சாமான்தானே.

சொல்லிவிட்டுப் போகாமல், செய்யக்கூடியதை வரிசையாக எழுதுகிறோம்.

1. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை குதிரைக்காரர்களைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். மிரட்டக் கூடாது. தேத்தண்ணீர் கொடுத்துக் கதைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு குதிரைக்கும் அளவெடுத்து ஒரு சோடிச் சேணமும் வண்டிக்கு ஓர் ஆடும் கட்டையும் ஊரின் செலவில் செய்து கொடுக்க வேண்டும். அளவெடுக்க நாங்கள் வருகிறோம், உயர்தர மாணவர்களும் வருவார்கள். குஷன் வேலை செய்யும் காக்கா ஒருவர் கூலி வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். பட்டிக்கும் கொளுக்கிக்கும் வாய் இரும்புக்கும்தான் காசு வேண்டும்.

3. பிரதேச சபை கடற்கரையில் பெருநாள் கடைகளுக்கு இடம் கொடுக்கும்போது குதிரை வண்டிக்கும் நிபந்தனை போட வேண்டும். புண் உள்ள குதிரை பூட்டக் கூடாது. வண்டிக்கு மூன்று பிள்ளைகள். நாலைந்து சுற்றுக்கு ஒரு ஓய்வு. நிழலும் நல்ல தண்ணீரும் கட்டாயம். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்தோடு நிறுத்த வேண்டும்.

4. பெருநாளைக்கு முதல்நாள் அரசாங்க மிருக வைத்தியரை அழைத்து ஒவ்வொரு குதிரையையும் பார்க்க வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள புண்ணுக்கு மருந்தும் அவர் சொல்லட்டும். நாமாக மஞ்சளும் டீசலும் பூச வேண்டாம்.

5. மூன்று பிள்ளைகள்தான் என்றால் ஒரு சுற்றின் விலை கூடும். கூடட்டும். 100 ரூபாய் சுற்று 150 ஆனால் நமது பிள்ளைகளின் பெருநாள் காசு முடிந்துவிடாது. பேரம் பேசி, இன்னும் இரண்டு பிள்ளையை ஏற்றச் சொல்லி நெருக்குவது நாமா குதிரைக்காரரா என்று நேர்மையாகப் பார்த்தால் தெரியும்.

6. ஜும்ஆவில் ஒரு குத்பா. மவ்லவிமாரிடம் பணிவாகக் கேட்கிறோம். ஒட்டகத்தின் கண்ணீரோடு நிறுத்தாமல், நமது கடற்கரைக் குதிரையின் நெஞ்சையும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வண்டியில் ஏற்ற முதல் பிள்ளையைக் குதிரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டி எங்கே இருக்கிறது, புண் இருக்கிறதா, வண்டியில் எத்தனை பேர் என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் ஏற்றாதீர்கள், ஏன் ஏற்றவில்லை என்று பிள்ளைக்கும் குதிரைக்காரருக்கும் மரியாதையாகச் சொல்லுங்கள். வகுப்பறையில் பிராணி இரக்கம் என்று நாங்கள் ஒரு பாடம் நடத்தலாம். பிள்ளை புள்ளி எடுக்கும், மறந்துவிடும். வாப்பா காசைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்ததை அது மறக்காது.

பட்டிக்கும் கொளுக்கிக்கும் உதவ விரும்புபவர்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள், பழைய ஆசனப் பட்டி வைத்திருக்கும் கராஜ்காரர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். சேரும் காசும் செலவும் இதே பக்கத்தில் சதம் சதமாகப் போடுவோம், இன்ஷா அல்லாஹ். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அளவெடுக்கப் போகிறோம். ஓர் அளவு நாடாவோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.